கே எழுத்து ஹரிகேன்

மழைக்கு ஒதுங்கித்தான் அந்த மண்டபத்துக்குள் போனேன். ஹவுன்ஸ்லோவில் கடைத்தெருவுக்குப் பின்பக்கம், ஒரு தேவாலயத்தின் மண்டபம். சனிக்கிழமைகளில் அங்கே பழைய சாமான்கள் விற்பார்கள். விமான நிலையத்தில் விடியற்காலை ஷிப்ட் முடித்து, விமானங்களின் உட்பக்கம் கழுவும் மருந்தின் மணம் கையை விட்டுப் போகாமல், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று வந்துகொண்டிருந்தவன் நான். ஒரு மேசையில் காலுறைகள், கரண்டிகள், பிடி உடைந்த தேநீர்ப் பானை. அவற்றுக்கு அடியில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம்.

படத்தில் ஒரு விமானம். ஒற்றை எஞ்சின், தடித்த இறக்கைகள், பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் குண்டுகள். ஹரிகேன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. விலாவில் ஆளுயரத்துக்கு ஆங்கில 'கே' எழுத்து. முன்னால் அரைக்காற்சட்டையோடு பத்துப் பன்னிரண்டு பேர். இறக்கையில் சாய்ந்தபடி ஒரு மெலிந்த இளைஞன், சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காத முகம். பின்னால் தென்னைகள். ஓரத்தில், கோப்புக்கட்டு ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு கறுத்த மனிதர்.

அந்தக் கிழமைதான் விமான நிலைய வேலிக்கு வெளியே மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து, இறங்கும் விமானங்களின் இலக்கங்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருந்தேன். படத்தைக் கையில் வைத்திருந்தபோது அந்த வேலை எனக்குப் பிடிபட்டது. இந்த ஒரு விமானம் எங்கே செய்யப்பட்டது, யார் யாரைச் சுமந்தது, எங்கே விழுந்தது? இதற்கு மட்டுமல்ல, இது இருந்த விமானப்படைப் பிரிவு, அந்த ஸ்குவாட்ரன், ஓட்டிய ஒவ்வொரு விமானத்துக்கும் அதைக் கண்டுபிடித்து எழுதினால் என்ன? படத்தின் பின்பக்கம் ஸ்குவாட்ரனின் இலக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. மழை விட்டும் நான் வெளியே வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அது, தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. பொலிடெக்னிக்கில் பொறியியல் படித்து முடித்திருந்தேன். பொறியியல் வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா அத்தான் வீட்டில், மாடியில் ஒரு சின்ன அறை. நான் எதையும் பாய்ந்து பிடிப்பவன், அதே வேகத்தில் கைவிடுபவன். வானொலிப் பெட்டி கட்டுதல், சதுரங்கம், புகைப்படம் கழுவுதல் எல்லாம் அந்த அறைக்குள் வந்து போயிருந்தன. நான் வாங்கி வந்த படத்தைப் பார்த்த அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது எத்தினை மாசத்துக்கு?"

அது மாதக் கணக்கில் நிற்கவில்லை. வாரத்தில் ஓய்வு கிடைத்த நாளில் கியூ என்ற இடத்துக்குப் போனேன். அங்கே அரசாங்கத்தின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தினமும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது: திகதி, விமானத்தின் இலக்கம், ஓட்டியவர் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், போன வேலை. தட்டச்சில், மெல்லிய தாளில், எழுத்து மங்கிப்போய். சில நாட்களில் விடியற்காலை ஷிப்டிலிருந்தும் நேரே போவேன். மதியத்துக்குப் பிறகு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு வாசிப்பேன்.

வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதில் விமானத்துக்கு ஒரு அட்டை. அது செய்யப்பட்ட இடம், கப்பலேறிய நாள், பறந்த பறப்புகள், முடிவு. அக்கா ஒருநாள் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடா இது, பிளேனுக்குச் சாதகம் குறிக்கிறியோ?"

"ஓம். பிறந்தது, போனது, செத்தது எல்லாம் இருக்கு."

"செவ்வாய் தோசம் இருக்கோ எண்டும் பார்."

"முதல்ல உவனுக்குக் குறியும்," என்றார் அத்தான், தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. "உவனுக்கும் ஒண்டும் பொருந்தி வரேல்லை."

ஆனால் சண்டை நடக்கும் ஊரிலிருந்து கடிதம் வந்த நாட்களில் அக்கா பகிடி விடமாட்டாள். கொழும்பு சுற்றி, மாதக்கணக்கில் பிந்தி வரும் கடிதங்கள். அப்படி ஒரு நாள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"அங்க சனம் பிளேன் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ள குதிக்குது. நீ இங்க குண்டு போட்டவங்களுக்குச் சரித்திரம் எழுதுறாய்."

 நானும் அந்தப் பங்கருக்குள் குதித்தவன்தான். உள்ளே இருக்க மாட்டாமல் தலையை நீட்டி, வருவது எந்த ரகம் என்று பார்த்து, அப்பாவிடம் அடி வாங்கினவன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஸ்குவாட்ரன் போரின் நடுவில் இலங்கைக்கு வந்தது. தீவைக் காக்க வந்த சண்டை விமானங்கள். பிறகு பர்மா எல்லைக்குக் கொண்டுபோய், அதே விமானங்களின் இறக்கைகளில் குண்டுகளைத் தொங்கவிட்டு, சண்டைக்கும் குண்டுவீச்சுக்குமாக இரட்டை வேலைக்கு விட்டார்கள். வேறு போர்முனைகளில் ஓடிக் களைத்த ஹரிகேன்கள் அவை. மழை, சேறு, காய்ச்சல். குறிப்பேட்டை வாசிக்க வாசிக்க எனக்கே உடம்பு நோகும். மேகம் மூடியது, திரும்பினார்கள். பாலம் ஒன்று, பாதி சேதம். மறுபடி மேகம். சில இடங்களில் "கிராமம் ஒன்று தாக்கப்பட்டது" என்று இருக்கும். அதற்குள் யார் இருந்தார்கள் என்று இராது. அந்த வரிகளை அட்டையில் பதியும்போது மட்டும் என் கை மெதுவாகப் போகும்.

ஸ்குவாட்ரனில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் வருடத்துக்கு நாலு முறை ஒரு செய்தி மடல் போட்டார்கள். அதன் செயலாளர், கென்ட் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஒருவர், என் கடிதங்களுக்கு உற்சாகமாகப் பதில் எழுதினார். அந்த ஹரிகேன் படத்தைப் பிரதியெடுத்து அனுப்பினேன். இறக்கையில் சாய்ந்து நிற்கும் இளைஞன் ஒரு பைலட் என்றும், அவன் எப்போதும் கே எழுத்து விமானத்தையே ஓட்டுவான் என்றும், கடைசியில் அதனோடேயே காணாமல் போனான் என்றும் எழுதினார். அதற்கு முன்பே அவனுக்கு "ஏதோ சிக்கல்" இருந்ததாக ஒரு பேச்சு உண்டு என்று கடைசி வரியில் சேர்த்திருந்தார்.

சிக்கல் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கியூவில் அந்த வாரத்தின் தாள்களை எடுத்தேன். எல்லாம் அங்கே இருந்தது. மூன்று நாள் அடுத்தடுத்து அவன் குண்டுகளோடு ஏறி, எஞ்சின் சரியாக ஓடவில்லை என்று அரைமணி, முக்கால்மணி நேரத்தில் திரும்பியிருக்கிறான். மூன்று முறையும் மெக்கானிக்குகள் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று குறித்திருக்கிறார்கள். அதைவிட ஒரு விஷயம்: நாற்பத்தொன்று என்று முடியும் இலக்கமுள்ள அதே விமானத்தை, அதே மூன்று நாட்களும் வேறொரு பைலட் எடுத்துக்கொண்டு போய், ஒரு குறையும் இல்லாமல் வேலையை முடித்து வந்திருக்கிறான். நாலாம் நாள் அந்த இளைஞன் மறுபடி ஏறினான். இந்த முறை திரும்பவில்லை. அடுத்த நாள் பெருமழை பிடித்தது, பறப்பு நின்றது. மழை முடிவதற்குள் ஸ்குவாட்ரனை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பக்கம் எழுதினேன். இலக்கம், நாள், நேரம் எல்லாவற்றோடும். ஆதாரத்தோடு எழுதுகிறேன் என்ற பெருமை ஒவ்வொரு வரியிலும் இருந்தது. முடிவில் "விமானத்தில் குறை இருக்கவில்லை" என்று தனி வரியாகப் போட்டேன். அந்த வரி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. செய்தி மடலில் வந்தது. பிரதியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஆறு கிழமை கழித்துச் செயலாளர் ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார். நீல மை, நடுங்கிய எழுத்து, ஆர்ச்வே விலாசம். அந்தப் பைலட்டின் தங்கை எழுதியது. அவள் திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் நன்றி சொல்லியிருந்தாள். 'என் அண்ணன் பயந்தானா என்று போருக்குப் பிறகு எத்தனையோ பேரைக் கேட்டேன். எல்லோரும் மென்று விழுங்கினார்கள். நீங்கள்தான் நேராகச் சொன்னீர்கள். இனி நான் யாரையும் கேட்கத் தேவையில்லை.' அதற்குக் கீழே இன்னொரு வரி: ஒவ்வொரு நவம்பரும் ஸ்குவாட்ரன் நினைவு நாளுக்குத் தன் பெயரில் வைக்கும் மலர்வளையத்தை இனி நிறுத்திவிடச் சொல்லியிருந்தாள்.

அதை அக்காவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியாது. ஆங்கிலத்தை மெதுவாக வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நீ எழுதினது உண்மையோ?"

"ஓம். தாளில இருக்கு."

"தாளை ஆர் எழுதினது?"

 யாரோ ஒரு கிளாக்கர் என்றேன்.

மறுகிழமை அவளே ஒரு செய்தியோடு வந்தாள். படத்தின் பிரதியை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு போனது எனக்குத் தெரியாது. அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் அதைப் பார்த்திருக்கிறாள்.

"மோர்டனில ஒரு ஐயா இருக்கிறாராம். வெள்ளைக்காரன்ர விமானப்படையில, பர்மாப் பக்கம் கிளாக்கரா இருந்தவராம். மகளோட இருக்கிறார். போன் நம்பர் வாங்கி வந்தனான். சாதகக்காரன், போய்ப் பார்."

போனில் அவர் ஸ்குவாட்ரன் இலக்கத்தை என் வாயிலிருந்து வருமுன்னே சொன்னார்.

மோர்டனில் அவர் வீட்டு முன்னறையில் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எழுபது தாண்டிய மெல்லிய மனிதர். வீட்டுக்குள்ளும் கழுத்தில் மப்ளர். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே விடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"தம்பி ஆற்ற மகன்? ஊர் எது?"

சொன்னேன். இரண்டு மூன்று குடும்பங்களைச் சுற்றி வந்து, எங்கள் பெரியப்பாவோடு தான் ஒருமுறை ரயிலில் வந்ததாகக் கண்டுபிடித்த பிறகுதான் கதிரை காட்டினார். படத்தை நீட்டினேன்.

"ஐயா, ஓரத்தில நிக்கிறது நீங்கள்தானே?"

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"சீ! உவன் ஸ்ரோர்க்காரன். மதராஸ் பக்கத்துச் சட்டைக்காரன், ஆங்கிலோ இந்தியன். என்னை விட வடிவாயிருக்கிறான், நல்லாப் பாரும். போட்டோ எடுத்த அண்டைக்கும் நான் கூடாரத்துக்க ரைப் அடிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பன். எல்லாப் போட்டோவிலயும் நான் கூடாரத்துக்கதான்."

ரைப் அடித்தது என்ன என்று கேட்டேன். எல்லாம் என்றார். சம்பளப் பட்டியல், லீவுக் கடிதம், குறிப்பேடு.

என் முதுகு நிமிர்ந்தது. பையிலிருந்து செய்தி மடலையும், கியூவில் பென்சிலால் பிரதி பண்ணிய தாள்களையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். மடலை உதடு அசைய வாசித்தார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

"கெட்டிக்காரன்." அதை அவர் சொன்ன விதத்தில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. பென்சில் தாளைக் கையில் எடுத்தார். விரல் வரிகளின் மேலே ஊர்ந்து மூன்றாம் நாளில் நின்றது. 

"தம்பி, நேரத்தைப் பாத்தனீரோ?"

"பாத்தனான்."

"எங்க பாத்தனீர்? இந்தா. இந்தப் பெடியன் ஏறினது ஒன்பது மணி. இறங்கினது ஒன்பது நாற்பது. மற்றவன் அதே நாற்பத்தொண்டில ஏறினது ஒன்பது இருபது. இறங்கமுந்தி எப்பிடியப்பா திருப்பி ஏறினது? அந்தரத்தில வச்சு ஆள் மாறினவங்களோ?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளும் என் கையெழுத்தில், ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தன. இரண்டையும் நானே எழுதியிருந்தேன். முதல் இரண்டு நாட்களும் மற்றவன் பின்னேரத்தில்தான் ஏறியிருந்தான். மூன்றாம் நாளும் அப்படித்தான் என்று என் கண் தானாக முடிவெடுத்துவிட்டது. எனக்கு வேண்டிய முடிவு கிடைத்த பிறகு நான் நேரங்களைப் பார்க்கவே இல்லை.

"அப்ப ரெண்டு பிளேனோ, ஐயா?"

அவர் எழும்பிப் போனார். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, மற்றதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

கூடாரத் தூணில் ஒரு பட்டியல் குத்தியிருக்கும். எந்த எழுத்துக்கு எந்த இலக்கம் என்று. பைலட்டுகளும் மெக்கானிக்குகளும் எழுத்தைத்தான் சொல்வார்கள், எழுதித் தரும் துண்டுகளிலும் எழுத்துத்தான் இருக்கும். அவர் பட்டியலைப் பார்த்து இலக்கத்தை அடிப்பார். விமானம் போனாலும் எழுத்துப் போகாது. புதிதாக வருவதற்கு அதே எழுத்தைப் பூசிவிடுவார்கள்.

"அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். மலேரியா. நாலஞ்சு நாள் சாக்குக் கட்டில்ல கிடந்தனான். எழும்பி வரேக்க மேசையில துண்டுகள் குவிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள ஒரு புதுப் பிளேன் வந்து இறங்கியிருக்கு. உந்தப் பெடியன் தனக்குத்தான் புதுசு, ஆனா எழுத்துக் கே தான் வேணும் எண்டு நிண்டிருக்கிறான். அப்ப புதுசுக்கு 'கே', பழைய 'கே'க்கு 'எம்' எண்டு மாத்திக் கீறிப் போட்டாங்கள். எனக்கு ஆரும் சொல்லேல்லை. தூணில பழைய பட்டியல். கே எண்டு கண்ட இடமெல்லாம் நாற்பத்தொண்டு எண்டு அடிச்சன்."

"அப்ப எம்?"

"எம் எண்டு என்ர பட்டியல்ல இல்லை. வெளியில நிண்ட மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எம்மின்ர வால்ல என்ன நம்பர் எண்டு பாத்துச் சொல்லெண்டன். நாற்பத்தொண்டு எண்டான். அதையும் அடிச்சன். ஒரே தாள்ல, ரெண்டு பிளேனுக்கும் ஒரே நம்பர். அடிச்சது நான். நீர் ஆதாரம் ஆதாரம் எண்டு எழுதியிருக்கிறீரே, அது என்ர காய்ச்சல்."

எனக்கு அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. சப்பாத்துப் பெட்டியில் அறுபத்தேழு என்று முடியும் ஒரு அட்டை உண்டு. "புதிய விமானம் வந்து சேர்ந்தது" என்று குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி. அதன் பிறகு அது ஒருநாளும் பறந்ததாகவோ, விழுந்ததாகவோ, யாருக்கும் கொடுக்கப்பட்டதாகவோ இல்லை. பிறந்ததோடு நின்றுபோன அட்டை. அது மழையில் கிடந்து துருப்பிடித்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போயிருந்தேன்.

"புதுசை வேற ஆரும் ஓட்டிப் பாக்கேல்லையோ?"

"எனக்குத் தெரிய இல்லை. நிலத்தில வச்சு ஓட்டிப் பாப்பாங்கள். ஆறின எஞ்சின் வடிவாத்தான் ஓடும். மேல போய்ச் சூடேறினாத்தானே அதின்ர குணம் தெரியும்? மூண்டாம் நாள் ஸ்குவாட்ரன் பெரியவன் அவனைக் கூப்பிட்டு ஏசித் தாளிச்சவன். துணிக்கூடாரம்தானே, எல்லாம் கேட்டது. நாலாம் நாள் பெடியன் திரும்பேல்லை."

"பிறகு?"

"பிறகு மேலிடத்தில இருந்து ஒருத்தன் வந்தான். என்ர தாளைப் பாத்துப்போட்டு, அதே பிளேன் மற்றவனுக்கு ஓடியிருக்குத்தானே எண்டான். எனக்கு அண்டைக்கே ஒரு ஐமிச்சம். ஒன்பது இருபது கண்ணுக்க குத்தினது." கோப்பையைக் கீழே வைத்தார். "வாய் திறக்கேல்லை. இலங்கையில சேந்த கறுவல் நான். பிழை விட்டனான் எண்டு சொன்னா, கிளாக்கர் வேலை போய்க் குசினியில வெங்காயம் உரிக்க விட்டிருப்பாங்கள். பெடியன்தான் போய்ட்டானே, ஆருக்கென்ன எண்டு நினைச்சன். விடும் தம்பி. எவ்வளவு காலம் போட்டுது."

தங்கையின் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வாசித்தார். திருப்பி, உறையில் இருந்த விலாசத்தையும் வாசித்தார்.

"ஆர்ச்வேயோ? உந்த றோட்டாலதான் நான் வெள்ளிக்கிழமையள் கோயிலுக்கு ஏறிப் போறனான். இங்க ஸ்ரேசன்ல கோச்சி ஏறினா அங்க இறக்கம். கால் ஏலாட்டி உந்தச் சந்தி மதில்ல பிடிச்சுக்கொண்டு நிண்டு மூச்சு வாங்கிப்போட்டுத்தான் ஏறுவன்."

மிச்சமிருந்த ஒரு கேள்வியைப் படியிறங்கும்போது கேட்டேன். அந்த இளைஞன் ஏன் கே என்று அடம்பிடித்தான்?

"அதை நான் கேக்கேல்லை. தங்கச்சின்ர பேராம் எண்டு மெக்கானிக்மார் பகிடி பண்ணுவாங்கள்."

கடிதத்தின் கீழிருந்த கையொப்பம் 'கே' எழுத்தில்தான் தொடங்கியது என்று அவருக்குத் தெரியும். சற்று முன்தான் வாசித்திருந்தார். 

செயலாளருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஞாபகத்தை வைத்துத் திருத்தம் போட முடியாது என்றார். இதே கட்டுரையை நான் ஆதாரம் என்று சொல்லித்தான் தந்தேன். இப்போது ஆதாரத்தையே பிழை என்கிறேன். நேரம் மோதுவது மட்டும் போதாது, நேரத்தையும் அதே கிளாக்கர்தானே அடித்தார்? தாள் ஒன்று வேண்டும். நவம்பருக்கு முந்திய மடல் மாத முடிவில் அச்சுக்குப் போகிறது.

அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் களைப்பாக இருந்தது. ஓய்வு நாட்களை எல்லாம் செலவழித்தேன். விமானங்களுக்கென்று அரசாங்கம் வைத்திருந்த அட்டையில் அறுபத்தேழைத் தேடினேன். இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது என்பதோடு நின்றது. கிழக்கே போன விமானங்களுக்கு அப்படித்தான். கடல் தாண்டிய பிறகு யாரும் அட்டையை நிரப்பவில்லை. மெக்கானிக்குகள் ஒவ்வொரு விமானத்துக்கும் வைத்திருந்த கையொப்பப் புத்தகங்களைக் கேட்டேன். அப்போதே எரித்திருப்பார்கள் என்றார் மேசையில் இருந்தவர். இரண்டு முறை ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். ஷிப்டில் மேற்பார்வையாளர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, சுகமில்லையா என்று கேட்டார்.

அத்தான்தான், கார் சாவியைத் தேடிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் கேட்டார்:

"அந்தப் பட்டாளம் ஓய்வுக்குப் போகேக்க பிளேனுகளையும் கொண்டோ போனது?"

"இல்லை. விட்டிட்டுப் போனவை."

"ஆரிட்டை விட்டவை? சும்மா வயல்லயோ விட்டவை? வாங்கினவன் ஒரு துண்டு எழுதியிருப்பான்தானே. நான் காரைக் கராச்சில திருத்த விட்டாலே ஒருத்தன் துண்டு எழுதுறான்."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். விமானங்களைப் பொறுப்பேற்ற பழுதுபார்ப்புப் பிரிவுக்கும் ஒரு குறிப்பேடு இருந்திருக்க வேண்டும். அதில், அந்தப் பைலட் காணாமல் போன பிறகு, நாற்பத்தொன்று கையேற்கப்பட்டதாக ஒரு வரி இருந்தால் போதும். விழுந்த விமானத்தை யாரும் ஒப்படைக்க முடியாது. அப்படியானால் அவனோடு போனது அறுபத்தேழு. அதை வேறொருவனும் வானில் ஓட்டிப் பார்த்ததில்லை. அவன் பயந்தானா இல்லையா என்று அந்த வரி சொல்லாது. ஆனால் "விமானத்தில் குறை இருக்கவில்லை" என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை என்பதைச் சொல்லும்.

அந்தக் குறிப்பேடு இருக்கும் பெட்டியைக் கியூவில் கேட்டு எழுதிக் கொடுத்தேன். படச்சுருளில் பிரதி எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள், வருகிற செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். மடல் அச்சுக்குப் போவது அதற்கு இரண்டு நாள் கழித்து.

இதை எழுதும் இன்று புதன்கிழமை. பின்னேரம் மோர்டனிலிருந்து போன் வந்தது.

"தம்பி, வாற வெள்ளி கோயிலுக்குப் போறன். நீரும் வாரும். போற வழியில அந்த மனுசியின்ர கதவைத் தட்டுவம்."

"ஐயா, இன்னும் தாள் கிடைக்கேல்லை. செவ்வாய்தான் தெரியும்."

"தாள்! என்ர தாளைப் பாத்துத்தானே நீர் இவ்வளவும் செய்தனீர்? அடிச்சவனே வாறன் எண்டு சொல்லுறன். பிறகு எனக்குத் துணிவு வராது. எனக்கு இங்கிலீசு வரும், உம்மை விட வடிவா வரும். ஆனா முதல்ல நீர் பேசும். உம்மட பிழைதானே கிட்டடியில விட்ட பிழை."

"சரி ஐயா."

"அந்த எழுத்துக் கதையைச் சொல்லாதையும். தன்ர பேராலதான் எல்லாம் வந்ததெண்டு அவ நினைச்சுப்போடுவா."

அதற்கு நான் ஓம் சொல்லவில்லை. அண்ணன் தன் பெயரை விலாவில் எழுதிக்கொண்டு பறந்தான் என்பது அவளுக்கு வேண்டிய செய்தியா, வேண்டாத செய்தியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்காவைக் கேட்டேன். படத்தைக் கொண்டுபோ, அவளே கண்டால் காணட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆர்ச்வே நிலைய வாசலில் அவரைச் சந்திக்க வேண்டும். காலை ஷிப்டை ஒருவனோடு மாற்றிக்கொண்டேன். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமல், துவாயில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்பது இருபதும் ஒன்பது நாற்பதும் இருக்கும் பென்சில் தாளும் அதோடு. சொல்ல வேண்டிய முதல் வசனத்தை ஆங்கிலத்தில் ஆறு முறை எழுதி ஆறையும் கிழித்துவிட்டேன். "நான் எழுதியது பிழை" என்பதோடு தொடங்குவதென்று இருக்கிறேன். மலர்வளையத்துக்குச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை கியூ திறக்கும்போது வாசலில் நிற்பேன். அறுபத்தேழின் அட்டையில் அந்த மூன்று நாட்களையும் நாலாவதையும் இப்போதே பதிந்திருக்கிறேன், பென்சிலால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.